வீழ்ந்தது என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள்

கொழும்பில் தமிழில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினவன் அல்ல. பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வீடு வெள்ளவத்தையில். மூத்த மகள் உயர்தரத்துக்கு வரலாறு எடுத்திருக்கிறாள், அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு நாள் இரவு சாப்பாட்டு மேசையில் அவளுடைய ரியூஷன் நோட்ஸ் கிடந்தது. போட்டோக் கொப்பியின் போட்டோக் கொப்பி. எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதில் ஒரு வரிக்கு மேல் அவள் மஞ்சள் பேனையால் பூசியிருந்தாள்: "1565 – தலைக்கோட்டைப் போர். விஜயநகரப் பேரரசு வீழ்ந்தது." அடுத்த வரியில் முகலாயர் தொடங்கிவிட்டார்கள்.

"வீழ்ந்தது என்றால், அடுத்த நாள் காலையில் அங்கே யார் ஆண்டது பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது நோட்ஸில் இல்லை அப்பா."

"சரி, ஏன் போர் வந்தது?"

"இந்து ராஜாவுக்கும் முஸ்லிம் சுல்தான்களுக்கும் சண்டை. அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" எனக்கு இரண்டு நாள் தொண்டையில் நின்றது. குறிப்பு எழுதிய ஆசிரியர் யார் என்பது முக்கியமில்லை. அவரும் சோதனைக்கு வருவதைத்தான் எழுதியிருப்பார். ஆனால் இந்த ஒரு போரை மட்டும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள் என்று உங்கள் எல்லாரிடமும் கேட்கத் தோன்றியது. பக்கத்து நாட்டின் ஒரு போர் அந்த நாட்டு அரசியலை எப்படிப் புரட்டிப் போட்டது, அந்தப் புரட்டல் எத்தனை வருஷம் கழித்து நம்முடைய கடற்கரையிலும் மலையிலும் வந்து முட்டியது என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1565 என்ற வருஷமே கொழும்புக்காரருக்கு அந்நியம் இல்லை. சீதாவாக்கை அரசின் நெருக்குதல் தாங்க முடியாமல் போர்த்துக்கீசர் கோட்டே நகரைக் கைவிட்டு, மன்னன் தர்மபாலனையும் கையோடு கூட்டிக்கொண்டு கொழும்புக் கோட்டைக்குள் வந்து சேர்ந்ததும் அதே 1565தான். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வகுப்பைத் தொடங்க நல்ல இடம். ஒரே வருஷத்தில் பாக்கு நீரிணைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய தலைநகர் காலியானது, இந்தப்பக்கம் ஒரு சின்னத் தலைநகர் காலியானது. பிள்ளைகள் வருஷத்தை மறக்கமாட்டார்கள்.

இனி அந்த "இந்து – முஸ்லிம் சண்டை" விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பது மருதானையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை. கொழும்பில் தமிழ் மொழிமூல வகுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும், அதுதான் அதன் அழகு. அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வரியை மஞ்சள் பூசிப் பாடமாக்குகிறார்கள். அந்த வரி உண்மையாக இருந்தால் பரவாயில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். அது உண்மையே இல்லை என்பதுதான் என் கவலை.

விஜயநகரத்தில் அப்போது அதிகாரம் வைத்திருந்தவர் ராமராயர். ராஜா அவர் அல்ல. ராஜா சதாசிவராயர், பேருக்கு. ராமராயர் கிருஷ்ணதேவராயரின் மருமகன். கன்னடத்தில் "அளிய" என்றால் மருமகன், அதனால் அளிய ராமராயர். 1542க்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் செய்த அரசியல் என்னவென்றால், வடக்கே இருந்த தக்காணச் சுல்தான்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு நடுவில் நின்று கொமிஷன் எடுத்தது. இந்த வருஷம் பீஜப்பூரோடு சேர்ந்து அஹமத்நகரை அடிப்பார். வேறொரு வருஷம் கூட்டாளி மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரு கோட்டையோ ஒரு நிலத்துண்டோ விஜயநகரத்துக் கணக்கில் வரவாகும்.

இதில் எதிரி யார், உறவு யார்? கோல்கொண்டாவின் இப்ராஹிம் குதுப் ஷா, அரியணைச் சண்டையில் உயிருக்குப் பயந்து ஓடிவந்து ஏழு வருஷம் விஜயநகரத்தில் ராமராயரின் நிழலில் இருந்தவர். பிறகு திரும்பிப் போய்ச் சுல்தான் ஆனார். தெலுங்குப் புலவர்களை ஆதரித்தார். அவர்கள் அவரை மல்கிபராமன் என்று பாடினார்கள். பீஜப்பூரின் அலி ஆதில் ஷா, ராமராயரின் மகன் இறந்தபோது தானே புறப்பட்டு விஜயநகரத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர். இந்த இரண்டு பேரும்தான் 1565ல் எதிர் அணியில் நின்றார்கள். ராமராயரின் படையில் முஸ்லிம் தளபதிகள் இருந்தார்கள். சுல்தான்களின் படையில் மராட்டிய இந்துக்கள் இருந்தார்கள். பேரார் சுல்தான் வரவே இல்லை. வந்தது நாலு பேர்: அஹமத்நகர், பீஜப்பூர், கோல்கொண்டா, பீதர்.

அந்த நாலு பேரை ஒட்டவைத்தது ஒரு கலியாண ஏற்பாடு. அஹமத்நகர் ஹுசைன் நிசாம் ஷாவின் மகள் சாந்த் பீபியை பீஜப்பூர் அலிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சீதனம் சோலாப்பூர்க் கோட்டை. அலியின் சகோதரியை ஹுசைனின் மகனுக்குக் கட்டினார்கள். நம் ஊரில் மாற்றுச் சம்பந்தம் என்போமே, அதேதான். இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் சோலாப்பூரை வைத்துத்தான் தலைமுறைச் சண்டை. சீதனப் பேச்சில் தீர்ந்த காணி வழக்கு என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பில் ஒரு பிள்ளையும் தூங்காது. (அந்தச் சாந்த் பீபி பிற்காலத்தில் அஹமத்நகர்க் கோட்டையைக் காக்க முகலாயப் படையை எதிர்த்து நின்றவர். அவருக்கென்று தனியாக ஒரு மடல் எழுதலாம்.)

ஆக, அந்தப் போர் ஒருவர் மிஞ்சிப் பெருத்துவிட்டார் என்று மற்றவர்கள் கூடிக்கொண்ட போர். சமய வசனங்கள் பிறகு இரண்டு பக்கத்துக் கதைகளிலும் ஏறிக்கொண்டன.

போர் நடந்த நாள் 1565 ஜனவரி 23. தலைக்கோட்டை என்பது சுல்தான்களின் படைகள் வந்து கூடிய ஊர். சண்டை அங்கிருந்து தள்ளி, கிருஷ்ணா நதிக்கரையில். ஆட்கணக்கு இத்தனை லட்சம் என்று பழைய குறிப்புகளில் வருவதைப் பாடமாக்க வைக்காதீர்கள். கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், அந்தத் தொகைகள் எதுவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதற்குப் பதிலாக ஒரு காட்சியைச் சொல்லுங்கள். பீஜப்பூரில் இருந்துகொண்டு சில பத்தாண்டுகள் கழித்துப் பாரசீகத்தில் எழுதிய பெரிஷ்டா சொல்வது இது. ராமராயர் கிழவர், பல்லக்கில் வந்திருக்கிறார். சண்டை இறுகும்போது இறங்கி, அலங்கார ஆசனத்தில் உட்கார்ந்து, முன்னால் காசையும் நகையையும் குவித்து வைத்து, நன்றாகச் சண்டை பிடிக்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார். எதிர்ப்பக்கத்தில் ஹுசைனின் பீரங்கிகளுக்குப் பொறுப்பு ரூமி கான். விஜயநகரப் படை கிட்டே நெருங்கியதும் அவன் பீரங்கிக்குள் குண்டுக்குப் பதில் செப்புக்காசு மூட்டைகளைத் திணித்துச் சுடுகிறான். ஒருபக்கம் காசு பரிசாகப் போகிறது, மறுபக்கம் காசு ஈயம் மாதிரி வந்து பாய்கிறது. பெரிஷ்டா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த நாளை என்னால் இந்தக் காசுகள் வழியாகத்தான் பார்க்க முடிகிறது.

அப்புறம் ஒரு யானை மிரண்டு வருகிறது, பல்லக்குத் தூக்கிகள் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், ராமராயர் பிடிபடுகிறார். ஹுசைன் நிசாம் ஷா அந்த இடத்திலேயே அவருடைய தலையை வெட்டச் சொல்கிறார். வெட்டிய தலையைக் கண்டதும் படை கலைந்தது. பல மணிநேரச் சண்டையைவிட அந்த ஒரு நிமிஷம் செய்த வேலை பெரிது. ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ராஜா சதாசிவராயர் உயிரோடுதான் இருந்தார், அரசு இருந்தது. ஆனால் இருபது வருஷமாக எல்லா முடிச்சும் ஒரே ஆளின் கையில் இருந்தது.

ராமராயரின் தம்பி திருமலை தப்பிப் போய், தலைநகரில் இருந்த ராஜாவையும் கஜானாவையும் யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனார். இன்று நாம் ஹம்பி என்று படம் பார்க்கிற அந்த நகரம் மாதக்கணக்காகக் கொள்ளை போனது. இரண்டு வருஷம் கழித்து, 1567ல் வெனிசிலிருந்து வந்த வியாபாரி சேசரே பெதெரிசி அங்கே ஏழு மாதம் தங்கினார். வீடுகள் இடிந்துவிடவில்லை, நிற்கின்றன, உள்ளே மனிதர்தான் இல்லை, காட்டு விலங்குகள் குடியிருக்கின்றன என்று எழுதி வைத்தார்.

நகரம் காலி. அரசு? அதைத்தான் நோட்ஸ் சொல்லாமல் விட்டது. திருமலை தானே முடிசூடி அரவீடு வம்சத்தைத் தொடங்கினார். மூன்று மகன்மாரையும் மூன்று மொழிப் பகுதிக்கு வைத்தார்: தெலுங்குப் பக்கம் பெனுகொண்டா, கன்னடப் பக்கம் ஸ்ரீரங்கபட்டணம், தமிழ்ப் பக்கம் சந்திரகிரி. அவர்களில் வேங்கடபதி ராயர் 1586 முதல் 1614 வரை ஆண்டார், கெட்டிக்காரர். தலைநகர் பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கும் பிறகு வேலூருக்கும் தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது. வேலூரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இதை என் மகளுக்கு விளங்கவைக்க எனக்குக் கடைதான் உதவியது. எங்கள் தெருவில் ஒரு பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்? கடை அடுத்த நாளே மூடாது. மாத்தறையிலும் கண்டியிலும் கிளைகளைப் பார்த்துக்கொண்ட மனேஜர்மார் இருப்பார்கள். அவர்கள் பழைய பெயர்ப்பலகையைக் கழற்ற மாட்டார்கள், அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. முதலாளியின் படத்துக்கு மாலை போடுவார்கள். ஆனால் மாதம் முடிய வரவு தலைமைக் கடைக்கு வந்து சேராது. ஒரு மாதம் "யாவாரம் மந்தம்" என்பார்கள். ஒரு மாதம் பாதிதான் வரும். ஒரு நாள் பார்த்தால் அவர்களே முதலாளி.

விஜயநகரத்தின் மனேஜர்மார்தான் நாயக்கர்கள். மதுரைக்கு விசுவநாத நாயக்கர் 1529 அளவிலும் தஞ்சைக்குச் செவ்வப்ப நாயக்கர் 1532 அளவிலும் வந்தாயிற்று. செஞ்சியிலும் ஒருவர். கன்னடத்தில் இக்கேரி. போர் இவர்களை உண்டாக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த கையை எடுத்தது, அவ்வளவுதான். மதுரையில் அரியநாத முதலியார் போட்ட 72 பாளையங்கள் இருந்தன. மேலே இருந்து கேட்பவர் பலவீனமானதும் கீழே பாளையக்காரர் தங்கள் தங்கள் கோட்டையில் ஊன்றிக்கொண்டார்கள். 1799ல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கிய கட்டபொம்மனும் அந்தப் பாளையக்காரர் வரிசையில் வந்தவர்தான். அந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மைசூர் உடையார் 1610ல் ஸ்ரீரங்கபட்டணத்தைப் பிடித்தார். மூன்றில் ஒரு கிளை போயிற்று. 1614ல் வேங்கடபதி ராயர் இறந்ததும் வாரிசுச் சண்டை. கல்லணைக்குக் கிட்ட, தோப்பூரில், 1616–17 அளவில் இரண்டு கட்சியும் மோதின. ஒரு பக்கம் தஞ்சை ரகுநாத நாயக்கர், மறுபக்கம் மதுரையும் செஞ்சியும். தஞ்சைப் பக்கம் வென்றது. இதில் யார் வென்றார்கள் என்பதைவிட நான் கவனிப்பது வேறு. நூறு வருஷத்துக்கு முன்னால் நாயக்கரை அனுப்பியது பேரரசர். இப்போது பேரரசர் யார் என்று தீர்மானிக்க நாயக்கர்கள் சண்டை பிடிக்கிறார்கள். தலைக்கோட்டை என்ன செய்தது என்று ஒரு கேள்வி வந்தால் இந்தத் தோப்பூரை எழுதச் சொல்லுங்கள். மேல் கீழாகிவிட்டது.

மதுரைத் திருமலை நாயக்கர் (ராமராயரின் தம்பி அல்ல, வேறு ஆள்) கட்டவேண்டிய திறையைக் கட்டாமல் விட்டதோடு நிற்கவில்லை. தன் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கருக்கு எதிராக வடக்குச் சுல்தான்களை உள்ளே கூப்பிட்டார். வந்தவர்கள் 1649ல் செஞ்சியை எடுத்தார்கள், பிறகு மதுரையிடமே திறை கேட்டார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இந்தத் தீவின் கதையை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நாமும் ஒருவரைத் துரத்த இன்னொருவரைக் கடலில் இருந்து கூப்பிட்டவர்கள்.

வென்ற சுல்தான்களுக்காவது நிறையக் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. கலியாணக் கூட்டணி கொஞ்ச நாளில் பழைய சண்டைக்குத் திரும்பியது. 1636ல் அஹமத்நகர், 1686ல் பீஜப்பூர், 1687ல் கோல்கொண்டா என்று முகலாயர் விழுங்கிவிட்டார்கள்.

நடுவில் மையம் இல்லாத நாட்டில் கரையோரத்தில் என்ன நடக்கும்? வியாபாரிகளுக்கு அனுமதி கொடுக்க ஆள் பலர். 1620ல் டென்மார்க் கப்பல்கள் உண்மையில் நம் தீவை நோக்கித்தான் வந்தன. கண்டியோடு பேரம் சரிவரவில்லை. போய்த் தஞ்சை ரகுநாதரிடம் தரங்கம்பாடியை வாங்கிக்கொண்டார்கள். 1639ல் சந்திரகிரிக்குக் கீழ் இருந்த தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயருக்கு ஒரு மணற்கரையைக் கொடுத்தார். அந்த மணற்கரைதான் சென்னை. நம் பாதிப்பேர் புடவை எடுக்கப் போகிற ஊர்.

இனி நமக்கு. 1619ல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசர் கைக்குப் போனது. அதை மீட்க என்று கடல் கடந்து படை அனுப்பியது தஞ்சை, முடியவில்லை. தெற்கே ஒரு பெரிய அரசு நின்றிருந்தால் அந்த உதவி எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியை நான் கேட்கமாட்டேன், அது வீண். ஆனால் கண்டியின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது.

இரண்டாம் ராஜசிங்கன் காலத்திலிருந்து கண்டி மன்னர்கள் பெண் எடுத்தது மதுரைப் பக்கத்தில். 1736ல் மதுரை நாயக்கர் ஆட்சி ராணி மீனாட்சியோடு முடிந்தது. மூன்றே வருஷத்தில், 1739ல், கண்டியில் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தார். பட்டத்து ராணியின் தம்பி, மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினர், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். தாயகத்தில் போன முடி இங்கே மலையில் வந்து சேர்ந்தது. அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமிலிருந்து பிக்குமாரை வரவழைத்து 1753ல் உபசம்பதா என்ற பிக்குமாரின் உயர் துறவுச் சடங்கைத் திரும்ப நிலைநாட்டினார். தென்னிந்திய வழிவந்த மன்னர், தமிழும் தெலுங்கும் புழங்கிய வீடு, பௌத்தத்துக்குச் செய்த பணி. எந்தக் கட்சிக்காரரின் பெட்டிக்குள்ளும் இவர் அடங்கமாட்டார், அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

1565 இல்லாவிட்டால் 1739 இல்லை என்று சத்தியம் பண்ணுகிறேனா? இல்லை. நடுவில் 170 வருஷம், எத்தனையோ கை மாறியிருக்கிறது. ஆனால் மதுரை ஒரு கிளைக் கடையாகவே இருந்திருந்தால் கண்டி மன்னர்கள் பெண் கேட்டுப் போயிருப்பது மதுரைக்கா, விஜயநகரத்துக்கா? இதை உயர்தரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விடை சரி பிழை பார்க்கவேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அவளுடைய அந்த மருதானைச் சிநேகிதியையும் கொழும்புக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஜனாதிபதி மாவத்தையில் பெரிய அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில், வளைந்த கூரையோடு ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815ல் பிடித்து வந்து இதற்குள்தான் அடைத்தார்கள் என்பது ஊர்க்கதை. வரலாறு தெரிந்தவர்கள் பலர் அதை ஒப்புவதில்லை, காவல் கூடாக இருக்கும், ஒரு ராஜாவை இதற்குள் வைத்திருக்க மாட்டார்கள் என்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. பிள்ளைகள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். "இதற்குள் என் அலுமாரிகூடக் கொள்ளாது" என்றாள் மகள்.

மன்னரைக் கொழும்பில் வைத்திருந்தது மட்டும் கதை அல்ல. 1816 ஜனவரியில் இங்கிருந்து கப்பலேற்றினார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. சிநேகிதி சொன்னாள்: "வேலூர் அங்கிள்." ஹம்பியை விட்டு இறங்கி இறங்கி வந்த அரசு கடைசியில் ஒதுங்கிய அதே வேலூர். நாயக்கர் காலத்தில் எழுந்த அதே கோட்டை. 1832ல் அங்கேதான் மன்னர் இறந்தார். பாலாற்றங்கரையில் சமாதி இருக்கிறது.

மகள் பையிலிருந்து நோட்ஸை எடுத்து, மஞ்சள் பூசிய வரிக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச வெள்ளை இடத்தில் பென்சிலால் "வேலூர்" என்று எழுதினாள். அவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது.

ஆகவே சேர், மிஸ், என் வேண்டுகோள் பெரிதல்ல. ஒரு பாடவேளை கொடுங்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே தாளில் வருகிற ஒரு வரைபடத்தைப் பலகையில் மாட்டுங்கள். ஹம்பி, பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர், மதுரை, கண்டி என்று புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். அடுத்த தவணைக்கு அந்தக் குறிப்பைத் திரும்ப அடிக்கும்போது "வீழ்ந்தது" என்ற சொல்லுக்குப் பிறகு அரைப் பக்கம் விடுங்கள். பக்கம் கூடினால் போட்டோக் கொப்பிக் காசை நான் தருகிறேன். கடையில் மெஷின் இருக்கிறது, முதலாளியிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தகப்பன்